திருகோணமலைச் சூட்டில் முதல் வோட்டர் கூலிங்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கேமிங் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விக்கும் வோட்டர் கூலிங் பற்றி இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களில் நிறைய, 20 – 22 பாகை அறையில் இருந்து எடுத்தவை. திருகோணமலையில் கச்சான் வீசும் மாதங்களில் ஏசி இல்லாத அறை பின்னேரம் 32, 33 பாகையில் நிற்கும். அந்தப் பத்துப் பாகை வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் அவர்கள் வாங்கிய அதே சாமான்களை வாங்கினால், காசும் போகும், சத்தமும் போகாது.

தண்ணீர் குளிரை உண்டாக்குவதில்லை. சிப்பில் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போய் ரேடியேற்றரில் கொடுக்கிறது, அங்கிருந்து காற்று எடுத்துக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆகவே அறைக் காற்றை விடத் தண்ணீர் ஒருநாளும் குளிராது. 32 பாகை அறையில் நல்ல முறையில் அமைத்த செட்டப்பில், கனமான கேம் ஓடும்போது தண்ணீர் 42 பாகை அளவில் நிற்கும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் அள்ளி ஊற்றுகிற சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பயமில்லை. கிராபிக்ஸ் கார்ட் அதற்கு மேல் 10 – 15 பாகையில் இருக்கும், பிராசசர் 20 – 30 பாகை மேலே இருக்கும், இரண்டுமே தாங்கும். கவனிக்க வேண்டியது தண்ணீரின் சூட்டை. அநேகமான பம்புகளுக்கு உற்பத்தியாளர் போடும் எல்லை 60 பாகை. திட்டத்தை 45-க்குள் போடுங்கள். 50-ஐத் தொட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று எடுங்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

இதைப் பார்க்காமல் செலவழிப்பவர்கள்தான் அதிகம். இன்றைய கேமிங் கம்ப்யூட்டரில் பெரிய அடுப்பு பிராசசர் இல்லை, கிராபிக்ஸ் கார்ட். ரைசன் 7 7800எக்ஸ்3டி கேம் ஓடும்போது 50 முதல் 80 வாட் வரைதான் எடுக்கும். பக்கத்தில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பரின் அளவு 220 வாட். பழைய ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 320. பிராசசருக்கு மட்டும் ஒரு 360 ஏஐஓ (பம்பும் ரேடியேற்றரும் பூட்டியே வரும் ஆயத்த செட்; 360 என்றால் 120 மி.மீ. ஃபேன் மூன்று) வாங்கிப் பூட்டினால், இரைந்துகொண்டிருந்த கார்டின் மூன்று ஃபேனும் முன்பு போலவே இரையும். பார்க்க வடிவாக இருக்கும், காதுக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

கண்டுபிடிப்பது சுலபம். 'ஃபேன்கொன்ட்ரோல்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃபேனாக வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் குறைத்து வைக்க வேண்டாம், எது சத்தம் என்று தெரிய அது போதும். எல்லா ஃபேனும் மெதுவாகச் சுற்றும்போதும் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கிறதா? அது கார்டிலோ பவர் சப்ளையிலோ உள்ள கொயில் அதிர்வு. தண்ணீர் அதை நிறுத்தாது. சொல்லப்போனால், ஃபேன் சத்தம் அடங்கிய பிறகு இன்னும் தெளிவாகக் கேட்கும்.

அடுத்ததாக, காசு செலவில்லாத வேலையை முதலில் செய்து முடியுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் கார்டின் வோல்டேஜைக் குறைத்தால் 30, 40 வாட் சாதாரணமாக மிச்சம் பிடிக்கலாம், ஃபிரேம் இழப்பு பெரிதாகத் தெரியாது. மொனிற்றர் 75 ஹேர்ட்ஸ் என்றால் ஃபிரேமை 75-இல் கட்டி வையுங்கள். 140 ஃபிரேம் ஓடி யாருக்கு லாபம்? சூடான ரைசன் பிராசசர் வைத்திருப்பவர்கள் பயோஸில் (மதர்போர்ட்டின் அமைப்புத் திரையில்) 65 வாட் ஈக்கோ மோடைப் போடலாம். 65 என்று பெயர் இருந்தாலும், ஏஎம்5 என்ற ரைசன் சொக்கெற் உள்ள போர்டில் அது பிராசசரின் மொத்த எடுப்பை 88 வாட்டில் நிறுத்தும். இவ்வளவும் செய்த பிறகு சத்தம் பிரச்சினை இல்லை என்றால், வோட்டர் கூலிங்கே தேவையில்லை. பலருக்கு இதோடு கதை முடிந்துவிடும்.

ரேடியேற்றர் கணக்கு

ஃபேன் சத்தம் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, பாய்ந்து ஏறும். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். காற்றும் பாதியாகும். அதே ஃபேனில் இன்னொன்றைச் சேர்த்தால் காற்று பழைய அளவுக்கு வந்துவிடும், சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். கூட்டிக் கழித்தால் அதே காற்று, 12 டெசிபெல் குறைவான சத்தம். வோட்டர் கூலிங் அமைதி தருவதன் இரகசியம் இவ்வளவே. அகலமான பரப்பு, நிறைய ஃபேன், எல்லாம் மெதுவாக. சின்ன ரேடியேற்றரில் 1,800 ஆர்.பி.எம். ஃபேன் ஓட்டுவதற்குப் பதில் நல்ல எயார் கூலர் ஒன்றே போதும்.

கைக்கணக்கு ஒன்று. 30 மி.மீ. தடிப்பான ரேடியேற்றரில், 800 – 900 ஆர்.பி.எம். வேகத்தில், தண்ணீர் அறையை விட 10 பாகை சூடாக இருக்க, ஒவ்வொரு 120 மி.மீ. துண்டும் 60 வாட் அளவு வெளியேற்றும் என்று எடுங்கள். வேகத்தைக் கூட்டினால் 100 வாட்டும் போகும், ஆனால் நாங்கள் தேடுவது அமைதியை.

பிராசசர் 70, கார்ட் 220, பம்ப் 10: மொத்தம் 300 வாட். 60-ஆல் வகுத்தால் 5 துண்டு. அதாவது ஒரு 360-உம் ஒரு 240-உம். 32 பாகை அறையில் தண்ணீர் 42. இதையே ஒற்றை 360-உடன் ஓட்டினால் வித்தியாசம் 17 பாகைக்குப் போகும், தண்ணீர் 49. வீடியோவில் பார்த்தவருக்கு 22 பாகை அறை, அவருடைய தண்ணீர் 39-இல் நிற்கும், ஆகவே "ஒரு 360 போதும்" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை, அவருடைய ஊருக்குச் சரி. இரண்டு 360 வைக்க இடம் இருந்தால் எங்கள் ஊரிலும் 40 – 41-இல் நிறுத்தலாம். மேலே சொன்ன வோல்டேஜ் குறைப்பில் 35 வாட் மிச்சம் பிடித்திருந்தால் அரைத் துண்டு ரேடியேற்றர் சும்மா கிடைத்த மாதிரி.

ரேடியேற்றர் வாங்கும்போது தகடுகள் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு 16 தகடு அல்லது அதற்குக் குறைவு என்றால் மெதுவான ஃபேனுக்குப் பொருந்தும். 25, 30 தகடு என்றால் வேகமான ஃபேன்தான் உள்ளே காற்றைத் தள்ளும். கடற்கரைத் தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து அந்த இடுக்குகளைச் சீக்கிரம் அடைத்தும்விடும்.

எவ்வளவு அமைதி வேண்டும் என்பதிலும் ஒரு நியாயம் வேண்டும். தலைக்கு மேல் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் அறையில் 600 ஆர்.பி.எம்.-உம் 850 ஆர்.பி.எம்.-உம் காதுக்கு ஒன்றுதான். சீலிங் ஃபேன் சத்தத்துக்குக் கீழே போனால் அதற்கு மேல் செலவழிப்பது வீண். ஒன்று மட்டும் விதிவிலக்கு, பம்ப். அது ஒரே சுருதியில் ரீங்காரம் போடுவதால் காற்றுச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். ஃபேனில் சிக்கனம் பிடித்தாலும் பம்பில் பிடிக்க வேண்டாம்.

சாமான்கள்

கேஸில் (கம்ப்யூட்டர்க் கூட்டில்) இருந்து தொடங்குங்கள், அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 360 ரேடியேற்றர் என்பது 360 மி.மீ. இல்லை, இரு முனைத் தொட்டிகளும் சேர்ந்து 395 – 400 மி.மீ. வரும். தடிப்பு 30, ஃபேன் 25, மொத்தம் 55 மி.மீ. மேலே பூட்டினால் அந்த 55 மி.மீ. ரேமிலும் மதர்போர்ட்டின் வெப்பத்தகட்டிலும் முட்டுமா? முன்னால் பூட்டினால் கார்டின் நீளத்துக்கு மிச்ச இடம் இருக்கிறதா? கேஸ் பெட்டியில் "360 பொருந்தும்" என்று எழுதியிருப்பதை நம்பாமல் அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள்.

கார்டுக்கான வோட்டர் புளொக்கை (சிப்பின் மேல் படிந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகத் துண்டு) "4070 சூப்பருக்கு" என்று கேட்டு வாங்க முடியாது. ஒரே சிப்பை ஒவ்வொரு கம்பனியும் வெவ்வேறு போர்டில் அடிக்கிறது. கார்டின் முழு மொடல் இலக்கத்தைப் புளொக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் தேடி, அதில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பைக்ஸ்கி, பாரோ போன்ற சீனத் தயாரிப்புகளில் தெரிவு அதிகம், விலையும் தாங்கும். கார்டைக் கழற்றினால் உத்தரவாதம் போகுமா என்று வாங்கிய கடையில் முதலே கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது. ஆணியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பதில் அநேகமாகத் தெரிந்ததுதான்.

பம்பும் தொட்டியும் ஒன்றாகச் சேர்ந்த டி5 வகை முதல் செட்டப்புக்குப் போதும், நல்லதும்கூட. வேகத்தை மாற்ற உதவும் பிடபிள்யூஎம் வயர் உள்ளதை எடுங்கள். பாதி வேகத்தில் ஓடினாலே ஓட்டம் போதும். நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓடினால், 300 வாட் சூடு ஒரு சுற்றில் தண்ணீரை ஏறத்தாழ ஒன்றரைப் பாகைதான் ஏற்றும். அதனால்தான் முதலில் பிராசசரா கார்டா, நடுவில் ரேடியேற்றரா என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. டியூப் எப்படி நீளம் குறைவாகவும் வளைவில்லாமலும் போகுமோ அப்படிப் போடுங்கள். மாற்றக்கூடாத வரிசை ஒன்றே ஒன்று: தொட்டி பம்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில்.

டியூப் 10/16 மி.மீ. மென்மையான வகை. உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16. சுவர் தடிப்பு என்பதால் வளைவில் மடங்காது. கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் டியூப் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாது. கண்ணாடி மாதிரியான பிவிசி டியூப் நாளடைவில் மங்கி, அதிலிருந்து கசியும் பசைப் பொருள் புளொக்கின் நுண்ணிய தகடுகளில் போய் அடைக்கும். சூட்டில் இது இன்னும் விரைவாக நடக்கும். முதல் முறையிலேயே கடின டியூப்பைச் சூடுகாட்டி வளைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 3 மீற்றர் வாங்கினால் வெட்டிப் பிழைத்ததற்கும் மிஞ்சும்.

ஃபிற்றிங் எண்ணுவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பிராசசர் புளொக், கார்ட் புளொக், இரண்டு ரேடியேற்றர், பம்ப் தொட்டி என்று ஐந்து சாமான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு, ஆக 10. நூல் அளவு ஜி 1/4, டியூப் அளவு 10/16 என்று இரண்டும் பொருந்த வேண்டும். இதற்கு மேல் 90 பாகை சுழலும் ஃபிற்றிங் 4, வடிப்பதற்கு ஒரு டி மூட்டு, ஒரு திருகு வால்வு, அதைப் பூட்ட மேலும் 2 ஃபிற்றிங், அடைப்பு மூடி 2, தண்ணீர்ச் சூடு பார்க்கும் சென்சர் 1. உதிரி ஓ-வளையம் ஒரு பக்கற். கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் ஏஐஓ தாராளமாகக் கிடைக்கும்; தனித்தனி ஃபிற்றிங்குக்கு வெளிநாட்டு ஓடர்தான் அநேகமாக வழி. ஒரு 90 பாகைத் துண்டு குறைந்தால் வாரக்கணக்கில் கம்ப்யூட்டர் மேசையில் திறந்தபடி கிடக்கும். கூடவே நான்கு ஃபிற்றிங் மேலதிகமாகப் போட்டுவிடுங்கள்.

உலோகம் ஒரு கண்டிப்பான விஷயம். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஒன்றாகச் சேரலாம். அலுமினியம் ஒரு துண்டுகூட உள்ளே வரக்கூடாது. ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் இருந்தால் அலுமினியம் அரித்துக் கரையும், அந்தக் கசடு புளொக்கை அடைக்கும். பழைய ஏஐஓவின் ரேடியேற்றரைக் கழற்றிச் சேர்ப்பது, கராஜில் கிடக்கும் கார் ரேடியேற்றரை வைப்பது எல்லாம் இதனால்தான் கூடாது. இரண்டிலும் அலுமினியம்தான் வழக்கம்.

தண்ணீர்

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் வேண்டாம், வடிகட்டிக் கொதிக்க வைத்தாலும் வேண்டாம். கடற்கரை ஊர்க் கிணற்றில் உள்ள உப்பு நிக்கல் பூச்சை உரிக்கும். பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் கழுவுவதற்குப் போதும். லேபிளில் வேறு ஒன்றும் கலக்கவில்லை என்று பாருங்கள், அசிட் கலந்த போத்தலும் அதே தட்டில் இருக்கும். நிரப்புவதற்கு, பாசி பிடிக்காமலும் துரு ஏறாமலும் மருந்து கலந்த தெளிவான கூலன்ட் 1 லீற்றர் வாங்குங்கள், அல்லது செறிவை வாங்கி வடித்த தண்ணீரில் சொன்ன அளவுக்குக் கலவுங்கள். பால் மாதிரி ஒளிபுகாத நிறக் கூலன்ட் படத்துக்கு அழகு, நாளடைவில் அடியில் படியும். கார் கூலன்டில் எதிலீன் கிளைகோல் இருக்கும். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் பூனை நாய்களும் குடித்துவிடக்கூடிய நஞ்சு அது. வீட்டு அறையில் அதற்கு வேலையில்லை.

பூட்டுதல்

புது ரேடியேற்றருக்குள் ஈயம் ஒட்டிய கழிவு இருக்கும். சூடான வடித்த தண்ணீரைப் பாதி நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி, வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். தூசியில்லாமல் தெளிவாக வரும் வரை திரும்பத் திரும்ப.

ரேடியேற்றரில் ஃபேன் பூட்ட எம்3 நூலில் 30 மி.மீ. ஆணி, கேஸில் நேரடியாகப் பூட்ட 5 – 6 மி.மீ. ஆணி. நீளமான ஆணியைத் தவறான இடத்தில் போட்டு முறுக்கினால் அது நேரே தண்ணீர்க் குழாயைத் துளைக்கும். புது ரேடியேற்றர் ஒழுகுவதற்கு இது ஒரு பெரிய காரணம். துளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பார்த்த பிறகு முறுக்குங்கள்.

டியூப்பை நேர்குத்தாக வெட்ட வேண்டும், சரிவாக வெட்டினால் வளையத்துக்குள் முழுதாக உட்காராமல் கசியும். ஃபிற்றிங்கைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பனர் போட்டால் அக்ரிலிக் தொட்டி வெடிக்கும், அல்லது ஓ-வளையம் முறுகும். பிராசசர் புளொக்கில் உள்ளே, வெளியே என்று குறித்திருப்பதை மாற்றிப் பூட்டினால் ஒழுகாது, ஆனால் சில பாகை காரணமில்லாமல் கூடும். கார்ட் புளொக்கில் வெப்பத் திண்டுகளின் தடிப்பைக் கையேட்டில் சொன்னபடியே போடுங்கள். தடித்த திண்டு போட்டால் சிப்பில் புளொக் படியாது.

தண்ணீர் விடுவதற்கு முன் காற்றுச் சோதனை. அளவி உள்ள கைப்பம்பு இதற்கென்றே விற்கிறார்கள். 0.5 பாருக்கு மேல் போகாமல் ஏற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். முள் இறங்கவில்லை என்றால் நிரப்பலாம்.

நிரப்பும்போது மின்சாரம் பம்புக்கு மட்டும் போக வேண்டும். மதர்போர்ட்டின் 24 முனை, பிராசசரின் 8 முனை, கார்டின் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 முனையில் ஜம்பர் பிளக் (மதர்போர்ட் இல்லாமலே பவர் சப்ளையை இயக்கும் சிறு பிளக்) போடுங்கள். மூட்டுகளுக்குக் கீழே டிஷ்யூ விரியுங்கள். தொட்டியை நிரப்பி, சுவிட்சைப் போட்டு, தண்ணீர் இறங்கி அடியைத் தொட முன் நிறுத்தி, திரும்ப நிரப்ப வேண்டும். டி5-இன் தாங்கிக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வெறுமையாக ஓடினால் தேயும். ஓட்டம் சீரான பிறகு கேஸை முன்னும் பின்னும் பக்கமும் சரித்தால் ரேடியேற்றரில் மறைந்திருக்கும் காற்று கடகடவென்று வெளியே வரும். ஒரு நாள் இப்படியே ஓட விட்டு, டிஷ்யூ காய்ந்திருந்தால் மிச்ச வயர்களைப் பூட்டலாம்.

ஃபேன் வேகம்

நல்ல செட்டப்பைக் கெடுப்பது இந்த இடம்தான். பயோஸ் தானாக ஃபேனைப் பிராசசர் சூட்டுக்குக் கட்டி வைத்திருக்கும். பிராசசர் ஒரு நொடியில் 20 பாகை ஏறி இறங்கும், ஃபேனும் கூடவே ஏறி இறங்கி இரையும். தண்ணீர் அப்படியில்லை, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஆகவே ஃபேனைத் தண்ணீர் சென்சருக்குக் கட்டுங்கள். இரு முனை சென்சர் சொருக மதர்போர்ட்டில் இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் அக்வா கம்ப்யூட்டர் குவாட்ரோ போன்ற தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி தேவை.

எங்கள் வெக்கைக்கு ஒரு தொடக்கம்: தண்ணீர் 36 வரை 500 ஆர்.பி.எம்., 40-இல் 700, 43-இல் 900, 46-இல் 1,200, 48-க்கு மேல் முழு வேகம். வெளிநாட்டவர் போடும் வளைவைப் பிரதி பண்ணினால் அது 35-இலேயே முழு வேகத்தைத் தொடும், இங்கே சும்மா இருக்கும்போதே தண்ணீர் 34, 35. பம்பைக் காதால் சரி செய்யுங்கள். ரீங்காரம் மறையும் வேகத்தில் நிறுத்தினால் போதும். பம்பை கேஸ் தகட்டில் நேராக ஆணி அடிக்காமல் நடுவில் ரப்பர் திண்டு வையுங்கள், இல்லையென்றால் முழுத் தகடும் சேர்ந்து அதிரும். பின்பக்க ஃபேன் ஒன்றை 600 ஆர்.பி.எம்.-இல் எப்போதும் ஓட விடுங்கள். எயார் கூலர் போன பிறகு பிராசசரைச் சுற்றியுள்ள மின்பகுதிகளுக்கும் எஸ்எஸ்டிக்கும் வேறு காற்று கிடையாது.

உப்பும் ஏசியும்

ஏசி அறையில் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வெளியே 32 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்றால் 27 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் காற்று வியர்க்கும். கம்ப்யூட்டர் ஓடும்போது தண்ணீர் அறையை விடச் சூடு என்பதால் பிரச்சினையில்லை. 24 பாகையில் குளிர்ந்து கிடந்த கம்ப்யூட்டர் இருக்க, ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே சுவிட்சைப் போடாதீர்கள். அரை மணித்தியாலம் பொறுங்கள். தொட்டிக்குள் ஐஸ் போடும் யோசனை வந்தாலும் இதே காரணம்தான்: டியூப்பின் வெளிப்பக்கம் நனைந்து மதர்போர்ட்டில் சொட்டும்.

கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் காற்று உள்ளே வரும் பக்கம் எல்லாவற்றிலும் வலை வடிகட்டி போடுங்கள். ரேடியேற்றர் பெயின்ற் உரிந்த இடமும் மலிவான ஆணிகளும்தான் முதலில் பச்சையும் துருவும் பிடிக்கும். மாதத்துக்கு ஒரு தடவை மென்மையான பிரஷ். ஈரத்துணி வேண்டாம், அது உப்பைக் கரைத்து இடுக்குக்குள் தள்ளும். கரண்ட் போனால் பம்பும் நிற்கும், சூடு உண்டாக்கும் சிப்பும் நிற்கும், ஆகவே அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 650 விஏ யூபிஎஸ் இந்தச் சுமையைத் தாங்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தண்ணீர் டியூப் சுவர் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். தொட்டியில் மட்டத்தை மாதம் ஒருமுறை பார்த்து, குறைந்தால் அதே கூலன்டை விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வடிகால் வால்வைத் திறந்து, மேல் மூடியைக் கழற்றி, ஒரு போத்தலில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக வந்தால் புதிதை நிரப்பி ஓட்டலாம். பச்சைத் துணுக்கு வந்தால் அநேகமாகப் பாசி, வெண்கசடு வந்தால் டியூப்பில் இருந்து கசிந்த பசைப் பொருள், அல்லது எங்கோ அலுமினியம். இரண்டிலும் பிராசசர் புளொக்கைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் தகடுகளைத் தேய்த்துக் கழுவிய பிறகே திரும்பப் பூட்ட வேண்டும்.